எங்கே போகிறீர்கள் என்று கேட்காதவன்

காலை எட்டரை மணி இருக்கும். தம்போயில் கார்ப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலை. முந்தின நாள் பெய்த மழைத் தண்ணீர் சாக்கடையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பட்டறையில் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடியும் எதிர்க் கடை ரொட்டி சானாய் வாசமும் கலந்து வந்தது. நான் பசியாறாமல் வேலைக்கு வந்திருந்தேன்.

சிக்னலில் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. ஒரு பக்கத்துப் பிரேக் விளக்கு எரியவில்லை. பச்சை விழுந்ததும் மோட்டார் சைக்கிளில் அதன் பின்னால் போய், பக்கத்தில் ஒட்டி, ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். கார் மறு பேச்சில்லாமல் ஓரம் கட்டியது.

ஓட்டி வந்தவருக்கு நாற்பதுக்குள் இருக்கும். தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தார். தலை வாரவில்லை. கண்ணாடியை இறக்கியவர் என் சட்டையில் குத்தியிருந்த பெயரை ஒருமுறை படித்தார். முனியாண்டி. நம்ம ஆள் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்தது. இன்றைக்கும் நான் கண்ணை மூடினால் அந்த முகம்தான் வருகிறது.

சல்யூட் வைத்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். "வணக்கங்க. பின்னால ஒரு பிரேக் லைட் எரியல, அதான் நிறுத்தினேன். லைசனும் ஐசியும் குடுங்க" என்று அடையாள அட்டையையும் சேர்த்துக் கேட்டேன்.

"கூட்டாளியோட காரு சார். லைட் விஷயம் எனக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். ஐசி கை நழுவி மடியில் விழுந்தது. போலீஸ்காரனைப் பார்த்தால் பதறாதவர் இந்த நாட்டில் யார்? நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெயர் சரவணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைசன் காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பின் சீட்டை எட்டிப் பார்த்தேன். ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். பக்கத்தில் பெரியவர்களுக்குக் கட்டும் டயப்பர் பொட்டலம் ஒன்று, பிரிக்காதது. என் கண் அந்தக் காரில் வேறு எதையோ தேடியது. கத்தி இருக்கிறதா, கட்டை இருக்கிறதா, கள்ளச் சிகரெட் இருக்கிறதா என்று தேடிப் பழகிய கண் அது. டயப்பரைப் பார்த்தது, தாண்டிப் போய்விட்டது.

அவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைச் சொல்ல என் வீட்டு வாசலுக்குக் கொஞ்சம் போய் வர வேண்டும்.

என் வீட்டுக்காரியின் சட்டம்

என் மனைவி தேவிக்கு உலகத்தில் பயம் என்பது கிடையாது. பாம்பை விளக்குமாற்றால் தள்ளிவிடுகிறவள். ஆனால் நான் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படி இறங்கும்போது யாராவது, "அண்ணே, எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது.

"வாங்க உள்ள. உக்காருங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு அப்புறமாப் போங்க" என்பாள். கழற்றிய சப்பாத்தை மறுபடி மாட்ட வேண்டும். எதிர் வீட்டுப் பெருமாளுக்கு இந்த விஷயம் தெரிந்துபோனதும் வேண்டுமென்றே கேட்பார். ஒரு நாள் மூன்று தடவை கேட்டார். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நான் வேலைக்குத் தாமதமாகப் போய் இன்ஸ்பெக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கிளம்புகிறவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. நம் வீடுகளில் இது எழுதாத சட்டம். ரொம்ப அவசியம் என்றால், "தூரமா?" என்று கேட்கலாம். அவரும், "இல்ல, பக்கத்துலதான்" என்பார். அதோடு சரி.

வேடிக்கை என்னவென்றால், பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி தினமும், "பெர்கி மானா?" என்று என்னை எங்கே போகிறாய் என்று மலாயில் கேட்பாள். தேவி அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டாள். "அவங்களுக்கு என்னா தெரியும், பாவம்" என்று விட்டுவிடுவாள். மலாயில் கேட்டால் சகுனம் கெடாது போலும்.

இப்போது என் வேலையைப் பாருங்கள். சாலையில் ஒரு வாகனத்தை நிறுத்தினால் போலீஸ்காரன் வாயில் முதலில் வருவதே அந்தக் கேள்விதான். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய். என்னோடு வேலை பார்த்த கோப்பரல் ரொஸ்லான் இதை எல்லோரிடமும் வணக்கம் சொல்வது மாதிரி கேட்பார். "நாக் பெர்கி மானா, பாங்?" பதில் முக்கியமில்லை. பதில் சொல்லும்போது முகம் எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம்.

நானும் ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒருமுறை ஒரு வேனை நிறுத்தினேன். உள்ளே பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவுமாக ஒரு குடும்பம். "எங்க போறீங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான், நடுச் சீட்டிலிருந்து ஓர் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"போச்சு! கேட்டுட்டாரு பாருங்க! பொண்ணு பாக்கப் போறவங்களை எங்கேன்னு கேக்கலாமா? நீங்களும் தமிழருதானே சார்? வண்டியத் திருப்புடா!"

வேன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அந்தக் கல்யாணம் நடந்ததா, இல்லையா, யாருக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் தேவியிடம் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு தமிழர்களை நிறுத்தினால் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த விஷயம் எப்படியோ பரவியது. கோயிலில் பார்க்கிறவர்கள், "சார்ஜன் நல்ல மனுசன்யா. பிடிச்சாலும் எங்க போறேன்னு கேக்க மாட்டாரு" என்று சொல்வார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் கூட வந்துவிட்டது. மரியாதை தெரிந்த போலீஸ்காரன் என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்ட காலம் அது.

ஒரு வாசகரின் கடிதம்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர் போன வாரம் ஸ்கூடாயிலிருந்து எழுதியிருந்தார். "நீங்கள் இவ்வளவு வருஷம் சாலையில் நின்றவர். ஒரு போலீஸ்காரர் வாகனத்தை எப்படித்தான் நிறுத்த வேண்டும்? என்னைப் போன வருஷம் நிறுத்தியவர் வந்ததும் வராததுமாக மோட்டார் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அது சரியா?"

சரியில்லை ஐயா. சாவியைப் பிடுங்குவது, நிறுத்துகிறவனுக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை என்பதற்கு அடையாளம். ஓடிவிடுவான் என்ற பயம். அந்தப் பயத்தை எதிராளியின் தலையில் கட்டுகிறோம். நான் கூடப் புதிதில் இரண்டொரு தடவை பிடுங்கியிருக்கிறேன். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "கேட்டா குடுக்க மாட்டேனா தம்பி?" என்றார். அன்றோடு விட்டேன்.

வளைவில் நிறுத்தக்கூடாது. நிழல் இருக்கிற இடம் பார்த்து நிறுத்த வேண்டும், பிள்ளைகள் இருந்தால் இன்னும் முக்கியம். முகம் தெரிய நிற்க வேண்டும். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேசுவது சுவரோடு பேசச் சொல்வது மாதிரி. யார் நீ என்று சொல்ல வேண்டும். அட்டையைக் காட்டச் சொன்னால் கோபப்படாமல் காட்ட வேண்டும். அப்புறம் எதற்காக நிறுத்தினாய் என்று சொல்ல வேண்டும், எதையும் கேட்பதற்கு முன்னாலேயே. "தெரியுமா உன்ன எதுக்குப் பிடிச்சேன்னு?" என்று விடுகதை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் பெரிய யோக்கியன் மாதிரி இருக்கிறது. அதனால்தான் அந்தச் சாம்பல் நிறக் காரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். மேலே சொன்ன அத்தனையையும் அன்றைக்கு நான் சரியாகத்தான் செய்தேன். நிழலில்தான் நிறுத்தினேன். முகத்தைக் காட்டினேன். காரணம் சொன்னேன். ஒரு குறை சொல்ல முடியாது.

நம்ம ஆள்

லைசன் காலாவதியானவருக்கு ஒரு சம்மனை எழுதிக் கையில் கொடுத்து, "சீக்கிரம் புதுப்பிங்க" என்று அனுப்பியிருக்கலாம். எத்தனையோ பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். சீனரை, மலாய்க்காரரை, வங்காளிகளைக் கூட. தமிழர் என்றால் மட்டும் எனக்குள் ஒரு முரண்டு வந்துவிடும்.

காரணம் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ ஒருவர், என் காதில் விழும்படி, "அவன் ஆளுன்னா விட்டுடுவான்" என்று மலாயில் சொன்னார். அது முள்ளாகத் தைத்துவிட்டது. அதிலிருந்து நம்ம ஆளை நிறுத்தினால் ஒரு பிடி கூடுதலாகவே இறுக்குவேன். அண்ணே என்று கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம். நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். மற்றவன் என்ன சொல்வானோ என்ற பயம்தான் அது, வேறொன்றுமில்லை.

அன்றைக்குச் சரவணன் அண்ணே என்று கூடக் கூப்பிடவில்லை. சார் என்றுதான் சொன்னார்.

"லைசன் இல்லாம ஓட்டக்கூடாது. லைசன் உள்ள யாரையாச்சும் வரச் சொல்லுங்க. அவங்க வந்து காரை எடுத்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் இங்கயே இருங்க" என்றேன்.

"சார், கொஞ்சம் அவசரம் சார்."

"எல்லாருக்கும் அவசரம்தான்."

"பாத்து செய்யுங்க சார். திரும்பி வந்து நானே பாலாய்க்கு வந்துடறேன்." காவல் நிலையத்தைத்தான் இங்கே எல்லோரும் பாலாய் என்போம்.

"அதெல்லாம் சொல்லாதீங்க. ஆளைக் கூப்பிடுங்க."

அவசரம் என்றார். என்ன அவசரம் என்று கேட்பதற்கு எனக்கு வாய் வந்தது. மென்று விழுங்கிவிட்டேன். கேட்டால், எங்கே போகிறீர்கள் என்று கேட்ட மாதிரி ஆகிவிடுமே. ஏதாவது நல்ல காரியத்துக்குப் போகிறாரோ என்னவோ, நம் வாயால் கெடுப்பானேன் என்று நினைத்தேன். இறுக்குவதையும் இறுக்கிவிட்டு, சகுனம் கெடாமல் பார்த்துக்கொண்டேன். என் புத்தியை எதால் அடிப்பது?

ஒன்றரை மணி நேரம்

பக்கத்துப் பட்டறைகளில் ஒன்றில் வேலை செய்யும் ஆ செங் என்ற கூட்டாளிக்குப் போன் போட்டார். காரும் அவருடையதுதான். ஆனால் அன்றைக்குப் பார்த்து ஆ செங் ஒரு லோரியைப் பார்க்கப் பாசிர் கூடாங் போயிருந்தார். வந்து சேர நேரம் ஆகும் என்றார்.

சரவணன் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் நாலடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். "வந்துட்டே இருக்கேன்... வந்துட்டே இருக்கேன்னு சொல்லு" என்று மட்டும் என் காதில் விழுந்தது. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு எவனுக்கோ சாக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ரொஸ்லான் இருநூறு அடி தள்ளி ஒரு லோரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் அன்றைக்கு இந்தப் பக்கம் நடந்து வந்திருந்தால்! அவர் வாய் சும்மா இருந்திருக்காது. பழக்க தோஷத்தில், "நாக் பெர்கி மானா, பாங்?" என்று கேட்டிருப்பார்.

ஆ செங் வந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. லைசனைக் காட்டினார். சரி என்று விட்டு, லைசனைப் புதுப்பித்ததும் பாலாயில் கொண்டுவந்து காட்டும்படி சரவணனிடம் சொன்னேன். சரவணன் கதவைத் திறந்து உட்கார்ந்தவர் என்னைப் பார்த்து, "வரேன் சார்" என்றார். கோபமாகக் கூட இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. போய் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன்.

மொட்டைத் தலை

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். பாலாயில் ஏதோ அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். முன்னால் வந்து நின்றவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை மொட்டை. மீசையும் இல்லை. புதுப்பித்த லைசனை மேசையில் வைத்தார்.

"காட்டச் சொன்னீங்கல்ல சார்."

மொட்டையும் மீசை இல்லாத முகமும் நமக்கு எதைச் சொல்லும் என்று தமிழனுக்குச் சொல்லத் தேவையில்லை. பேனாவைக் கீழே வைத்தேன்.

"யாரு?"

"அப்பா சார்."

"எப்ப?"

"அன்னிக்கித்தான் சார். நீங்க நிறுத்தினீங்களே, அன்னிக்கு."

எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். அவராகவே சொல்ல ஆரம்பித்தார். அப்பா பாலோவில் இருந்தார், தம்போயிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். எஸ்டேட்டில் வேலை செய்து ஓய்வு பெற்று, அங்கேயே தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வீட்டில் அம்மாவோடு இருந்தவர். நாலு மாதமாகப் படுக்கை. அன்றைக்கு விடியற்காலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள், இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று. அம்மா போன் செய்தபோது சரவணன் வேலைக்குக் கிளம்பி நின்றார். அந்தச் சட்டையோடு ஆ செங்கின் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர், வழியில் கடையில் நிறுத்திப் பழமும் டயப்பரும் வாங்கியிருக்கிறார்.

"நான் போனப்ப பன்னண்டே கால் சார். பதினொன்னே முக்காலுக்குப் போயிட்டாரு."

அரை மணி நேரம். நான் பிடித்து வைத்தது ஒன்றரை மணி நேரம். இந்தக் கணக்கைப் போட எனக்குப் பேனா தேவைப்படவில்லை.

"ஏன்யா சொல்லல? அப்பா சீரியஸா இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே முன்னால மோட்டார்ல போய் வழி விட்டிருப்பேனே!" கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சரவணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்படி சார் சொல்றது? மனுசன் உயிரோட இருக்காரு. சாகக் கெடக்குறாருன்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா? சொல்லி அது பலிச்சிட்டா? நீங்க கேட்டிருந்தா பாலோவுக்குன்னு சொல்லியிருப்பேன். அப்பா வீட்டுக்குன்னு சொல்லியிருப்பேன். நீங்களும் புரிஞ்சுக்கிட்டிருப்பீங்க. நீங்க கேக்கல. நல்ல மனுசன், தமிழரு, அதான் கேக்க மாட்டேங்கறாருன்னு நெனச்சேன்."

லைசனை மறுபடி எடுத்துக்கொண்டே, "தள்ளி நின்ன அந்த மலாய்க்காரரு வந்திருந்தா கேட்டிருப்பாருல்ல?" என்றார்.

"கேட்டிருப்பாரு" என்றேன்.

இரண்டு தமிழர்கள். ஒருவன் மரியாதைக்குக் கேட்கவில்லை. இன்னொருவர் பயந்துகொண்டு சொல்லவில்லை. நடுவில் பாலோவில் ஒரு மனுஷன் செத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ரொஸ்லானிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணீரைக் கலக்கி முடித்தார். பிறகு, "டான்யா ஸாஜா லா, சார்ஜன்" என்றார். கேட்டால்தான் என்ன, சார்ஜன். அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு இதில் என்ன சிக்கல் என்றே விளங்கவில்லை. விளங்காமல் இருப்பது எவ்வளவு பாக்கியம் என்று நினைத்தேன்.

பாலோ

கருமாதி எப்போது என்று அன்றே கேட்டு வைத்திருந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்றார் சரவணன். நான் போகப் போகிறேன் என்றதும் தேவி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போய் என்னா சொல்லப் போறீங்க? ஒங்க வீட்டுக்காரரு கடைசி நேரத்துல மகனைப் பாக்காமப் போனதுக்கு நான்தான் காரணம்னா? வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சணுமா?"

"சொல்லாம இருக்க முடியல தேவி."

"அது ஒங்க பாரம். அதை எறக்கி வெக்க அந்த அம்மாவோட தலைதான் கெடச்சுதா?"

அவள் சொன்னது நியாயம். இருந்தாலும் போனேன். போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், திட்டினால் திட்டட்டும், அடித்தால் அடிக்கட்டும் என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். வழியில் குளுவாங் ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். வழி முழுக்க என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

தாமான் வீட்டின் முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். காரியம் முடிந்து சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சரவணன் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு வேகமாக வந்தார். தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"சார், தயவு செஞ்சு அம்மாகிட்ட ஒன்னும் சொல்லிடாதீங்க. ஏன்டா லேட்டு, ஏன்டா லேட்டுன்னு இன்னி வரைக்கும் கேட்டுட்டு இருக்கு. காரு வழியில கெட்டுப் போச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். லைசனை எடுக்காம விட்டது நான்தானே சார்? ஒரு வருசமா நாளைக்கு நாளைக்குன்னு. அது தெரிஞ்சா அம்மா என் மொகத்துலயே முழிக்காது."

நான் மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில், அவர் என்னிடம் கெஞ்சிக்கொண்டு நின்றார். அலமாக், இது என்ன கொடுமை என்று மனம் கூசியது. அதற்குள் அந்த அம்மாவே எங்களைப் பார்த்து வந்துவிட்டார். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, சின்ன உருவம்.

"யாருப்பா இது?"

சரவணன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "தம்போய்ல தெரிஞ்சவரும்மா. அன்னிக்குக் காரு நின்னு போச்சுன்னு சொன்னேன்ல, இவருதான் கூட இருந்து ஒதவி பண்ணாரு. ஆ செங் வர்ற வரைக்கும் போவல."

அது பொய் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. அந்த அம்மா என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். விரல்கள் காய்ப்புக் காய்ப்பாகச் சொரசொரவென்று இருந்தன.

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி. நீங்க மட்டும் இல்லேன்னா இவன் இன்னும் லேட்டா வந்திருப்பான். வாங்க, சாப்பிடுங்க."

இலை போட்டு உட்கார வைத்து, என் எதிரிலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தானாகவே பேசினார்.

"அன்னிக்குக் காலைல நல்ல தெளிவா இருந்தாரு தம்பி. பால் ஊத்துங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் ஸ்பூன்ல வாய்கிட்ட கொண்டு போனேன். பல்லைக் கடிச்சிக்கிட்டாரு. தலைய இப்படி இப்படி ஆட்டுனாரு. மகன் வரட்டும், மகன் ஊத்தட்டும்னு. இவன் ஒரே புள்ளைல்ல? ரோட்டுல எந்தக் காரு சத்தம் கேட்டாலும் வாசலப் பாத்தாரு. வந்துட்டானான்னு கேட்டாரு. வந்துட்டே இருக்கான்யா, வந்துட்டே இருக்கான்னு சொல்லிட்டே இருந்தேன். அப்புறமா கேக்கறத நிறுத்திட்டாரு."

சொல்லும்போது அழவில்லை. அழுது முடித்தவர்கள் பேசுகிற மாதிரி பேசினார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"நல்லா சாப்பிடுங்க தம்பி. தூரத்துலருந்து வந்திருக்கீங்க" என்று சொல்லி, சாம்பார் வாளியைக் கொண்டுவரச் சொல்லி அவரே ஊற்றினார். இலையில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டேன். மிச்சம் வைக்க எனக்கு என்ன யோக்கியதை?

இப்போது

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை யாரை நிறுத்தினாலும் கேட்டேன். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரையும் கேட்டேன். "எங்க போறீங்க? யாருக்காச்சும் முடியலையா? வீட்டுல ஏதாச்சுமா?" சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு மாமி என்னைச் சபித்தார். கோயிலில் என்னைப் பற்றிய நல்ல பேச்சு நின்றுபோனது. ஒருமுறை கூட அந்தக் கேள்வியால் ஓர் உயிர் பிழைத்தது, ஒரு மகன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான் என்று சொல்லிக்கொள்ள எதுவும் நடக்கவில்லை. பெரும்பாலும் சந்தைக்கும் வேலைக்கும் போகிறவர்கள்தான்.

ஸ்கூடாய் வாசகருக்கு இதுதான் என் பதில். நிழலில் நிறுத்துங்கள், காரணம் சொல்லுங்கள், சாவியைப் பிடுங்காதீர்கள். அதையெல்லாம் செய்துவிட்டு, எதிரில் இருக்கிறவனைக் கொஞ்சம் கேளுங்கள்.

இந்தத் தொடரை எழுத ஆரம்பித்தபோதே இந்த அத்தியாயம் தொண்டையில் நின்றது. எழுதாமல் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. போன வாரம் சரவணனுக்குப் போன் செய்து, எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க சார்" என்றார். "எனக்கும் பாரமாத்தான் இருக்கு. லைசன் விசயத்தையும் சேர்த்தே எழுதுங்க. அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல. நானே பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டறேன்."

ஆகவே சரவணன், இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகப் படியுங்கள்.

அம்மா, அன்றைக்குக் கார் கெட்டுப் போகவில்லை. உங்கள் மகனை ஒன்றரை மணி நேரம் சாலையோரத்தில் உட்கார வைத்தவன் நான்தான்.